கரையில் கேட்கக் கூடாத கேள்வி

அன்பு மகள் தர்ஷினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், பட்டுக்கோட்டை விடுதியில் உன் தம்பி நிதிஷும் நலம். இந்த முறை நலம் என்ற சொல்லை வழக்கத்துக்காக எழுதவில்லை, பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய் அப்பா பாயில் குறட்டை விடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்த ஜெர்மனி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் போட்டு உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுது. இங்கே இந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கும் வந்துவிட்டது, தலைஞாயிற்றில் உன் மாமா வயலில் நாற்று பச்சென்று நிற்கிறதாம், போனில் பேசினால் தண்ணீரைப் பற்றியே பேசுகிறான், அக்கா எப்படி இருக்கே என்று கேட்க மறந்துவிடுகிறான். உப்பளத்தில் வேலை மும்முரம். ஆடிக் காற்று வீட்டுக்குள் மணலை வாரிக் கொட்டுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை பெருக்கினாலும் சோற்றில் பல்லில் நறநறக்கிறது.

அன்றைக்கு நீ அழைத்தபோது நான் எடுக்கவில்லை. அப்புறம் பேசியபோது நீயும் அழுதாய் நானும் அழுதேன், ஆகவே என்ன நடந்தது என்று உனக்கு ஒழுங்காகத் தெரியாது. இதற்குள் ஊரில் கதை மாற ஆரம்பித்துவிட்டது. நேற்று மீன் வாங்க வந்த ஒரு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டு, "ஒனக்கு மாரியாத்தா வந்து வடக்கேன்னு வாக்கு சொல்லிச்சாமே தாயி, எம் மவளுக்கும் ஒரு வாக்கு சொல்லு" என்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதை ஹமீதா பானு மேடத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. "சுடச்சுட உக்காந்து எழுதி வச்சிருங்க மீனாம்மா, நீங்க கண்ணால பாத்தது எது, காதால கேட்டது எதுன்னு பிரிச்சு எழுதுங்க, இல்லைன்னா அடுத்த வருஷம் நீங்களே சாமி வந்துச்சுன்னு நம்ப ஆரம்பிச்சிருவீங்க" என்றார். வெறும் காகிதத்துக்கு எழுதுவதைவிட உனக்கே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஹமீதா பானு மேடத்தை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வேதாரண்யம் நூலகத்துக்கு மாற்றலாகி வந்தவர், நாகூர்ப் பக்கம் சொந்த ஊர். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வியாழக்கிழமை மதியம் எங்கள் மகளிர் குழுவுக்கும் ஒரு வகுப்பு எடுக்கிறார், கையில் வரும் செய்தியையும் படத்தையும் எப்படிச் சோதித்துப் பார்ப்பது, தேவையான விஷயத்தை எங்கே போய்த் தேடுவது என்று. எங்கள் பெண்கள் அதற்கு வைத்த பெயர் நோண்டுற கிளாஸ். நான் ஒன்றும் அறிவு தேடிப் போகவில்லை, சுண்டல் தருகிறார்கள் என்று வீரையன் சம்சாரம் எல்லையம்மாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் மேடம் போனைப் பற்றிப் பேசவே இல்லை. மீன் புதுசா பழசா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண்ணைப் பார்ப்போம், வயிற்றை அமுக்கிப் பார்ப்போம் என்று ஆளாளுக்குக் கத்தினோம். விற்கிறவர் சத்தியம் செய்தால் பார்க்காமல் வாங்கிவிடுவீர்களா என்றார். எல்லையம்மாள் எழுந்து, "நாங்களே விக்கிறவங்கதான் மேடம், எங்க சத்தியத்தை நாங்களே நம்ப மாட்டோம்" என்றாள். நூலகமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் மேடம் மெதுவாக, "அப்ப போன்ல வர்ற செய்திக்கு மட்டும் ஏன் செவுளைத் தூக்கிப் பாக்க மாட்டேங்குறீங்க" என்றார். எல்லையம்மாள் மடியில் கிடந்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஆச்சரியம்தான் தர்ஷினி. ஒரு படத்தைக் கொடுத்தால் அது இதற்கு முன்னால் எந்த வருஷம் எந்த ஊரில் வந்தது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது, பார்த்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கனமான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் போட்டிருக்கிறார்கள், பத்தாவது வரை படித்த எனக்கு இதை ஒருவரும் காட்டித் தரவில்லை. படத்தின் நடுவைப் பார்க்காதீர்கள், நடுவில் இருப்பது நம்மை அழவைக்க வைத்தது, ஓரத்தைப் பாருங்கள் என்பார் மேடம். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது வேறு. ஒருநாள் எல்லையம்மாள் ஏதோ கேட்க, "எனக்குத் தெரியலைங்க, வாங்க தேடுவோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். தெரியாது என்று சொல்லும் டீச்சரை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், ஆனால் விசாரிப்பது எப்படி என்று யார் சொல்லித் தந்தார்கள் சொல்லு.

நம் கரையில் விசாரிப்பதே ஆகாதே. கடலில் இறங்கப் போகிற ஆம்பளையை எங்கே போறீங்க, எப்ப வருவீங்க என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன் அப்பாவை ஒருநாளும் கேட்டதில்லை. துக்கச் செய்தி கொண்டுவந்தவரையும் கேட்கக் கூடாது, நிஜமா, யார் பார்த்தது என்று கேட்டால் செத்தவரை அவமதித்ததாகும், அழுவதுதான் மரியாதை. இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான், ஆனால் அன்றைக்கு இது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கு முதல் நாள் மத்தியானம் அப்பாவும் வீரையனும் வீரையன் தங்கை மகன் ஹரிஷும் உன் பேர் போட்ட படகில் போனார்கள், வழக்கம்போல விடிந்ததும் வர வேண்டியவர்கள். வெயில் ஏறியும் வரவில்லை. மீன் கிடைத்தால் தாமதம் ஆவதுதான் என்று நான் ஏலக்கொட்டகையில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஊர் வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்தது. உனக்கும் யாரோ அனுப்பிவைத்த அதே படம்தான். பைபர் படகு ஒன்று கவிழ்ந்து கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் துணி போர்த்திய மூன்று உருவங்கள், கீழே எழுத்து, கோடியக்கரைக்குத் தெற்கே நம்ம ஊர் படகு கவிழ்ந்தது, மூவரும் இல்லை என்று. அவ்வளவுதான், கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் ஓலமிட்டார்கள். எல்லையம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். யாரோ என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பஞ்சாயத்தார் வந்துவிட்டார்கள், உடல்களை எடுத்துவர ஊரில் இருந்த படகுகளையெல்லாம் தெற்கே கோடியக்கரைப் பக்கம் விடுவது என்று முடிவாகி டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை தர்ஷினி. போன் கையில் இருந்தது. அந்த மூன்று துணிகளைப் பார்க்க முடியாமல் கண் தானாக ஓரத்துக்கு ஓடியது. பாடம் நினைவுக்கு வந்து பார்த்தேன் என்று சொன்னால் பொய், பயத்தில்தான் பார்த்தேன். ஓரத்தில் கரை நெடுக யானை யானையாகக் கறுப்புப் பாறை கிடந்தது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் நீ நடந்தாலும் சேறும் மணலும்தான், ஒரு பாறையைக் காட்டிவிடு பார்ப்போம். அந்த மூன்று உருவங்களையும் பார்த்து ஊரே அழுகிறது, பாறையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றேன். "யாரு பாத்தது?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு சத்தமாக வந்தது. ஓலம் நின்றுவிட்டது. துக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறாள் பார், புத்தி பிசகிவிட்டது, தண்ணி குடுங்க என்றார்கள். நான் விடவில்லை, பாறையைக் காட்டினேன், யார் போட்டது இந்தப் படத்தை என்றேன். ஏலக்காரர் ராஜ்குமார் முன்னால் வந்து, "எனக்கு வந்துச்சுக்கா, போட்டேன்" என்றார், பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. படத்தை ஹமீதா மேடத்துக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார், இது பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஏதோ மாநிலத்துக் கரையில் எடுத்த படம் என்று. எல்லையம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டாள், அப்ப எம் புருஷன் உசுரோட இருக்காரா என்று. நானும் அதையே மேடத்திடம் கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் இருக்கார் இருக்கார் என்று சொல்லியிருப்பார்கள். மேடம் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "படம் பொய்னுதான் தெரிஞ்சிருக்கு மீனாம்மா, அவங்க நல்லா இருக்காங்கன்னு இன்னும் தெரியல. படம் வேற, எழுத்து வேற. அந்த எழுத்து மொதல்ல யார் வாயிலேருந்து வந்துச்சுன்னு பின்னாலேயே போங்க, சீக்கிரம் போங்க" என்றார். ஆறுதல் சொல்லாமல் வேலை கொடுத்தார் அந்த மகராசி.

ராஜ்குமாருக்கு அனுப்பியது அவர் மச்சான். மச்சானை அழைத்தால், கவிழ்ந்தது என்று நாகப்பட்டினத்தில் ஒரு ஐஸ் வண்டிக்காரர் சொன்னாராம், ஆள் போனதாக அவர் சொல்லவில்லை, கவிழ்ந்தால் போயிருப்பார்கள்தானே என்று இவரே போட்டுக்கொண்டது. கோடியக்கரைக்குத் தெற்கே என்பதும் இவருடையதுதான், நம்ம ஊர்ப் படகு இந்த மாசம் தெற்கேதானே போகும் என்றார். படம் யாரோ எப்போதோ அனுப்பியது, போனில் கிடந்ததாம், எழுத்தோடு ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சேர்த்தாராம். வைய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐஸ் வண்டிக்காரரைப் பிடித்தோம். கவிழ்ந்தது என்று நான் சொல்லலையே, மிதக்குதுன்னுதான் மீன் வியாபாரி ஜாஃபர் சாதிக் பாய் சொன்னார் என்றார். இந்த நேரத்தில்தான் உன் பேர் போனில் வந்து வந்து போனது. எடுத்தால் உன் அழுகையைக் கேட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன், தேடிப் போகும் நூல் அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஜாஃபர் சாதிக் பாய் எடுத்தார். நான் யாரென்று சொன்னதும், "அல்லாவே, உங்க ஊட்டுக்காரங்களாம்மா? பாத்த ஆளு இங்கதான் வலையைக் காயப் போட்டுக்கிட்டு இருக்காரு, இருங்க" என்று ஓடினார். அவர் ஓடும் சத்தம் போனில் கேட்டது. எத்தனை வாய் தாண்டி, கடைசியில் கண்ணால் பார்த்த ஒரு மனிதரின் மூச்சு என் காதில் விழுந்தபோது கோயிலில் திரை விலகும்போது எழுவதுபோல் என் ஒரு கை தானாகக் கும்பிட எழுந்தது. அவர் சொன்னார், "படகு கவுழலம்மா, மோட்டார் நின்னு ஆடிக்கிட்டு கெடந்துச்சு. வேளாங்கண்ணிக்கு நேர் கெழக்க, கரை தெரியாத தூரம். விடிஞ்சு கொஞ்ச நேரம் இருக்கும். ஏதோ துணி ஆடுச்சு, கொடின்னு நெனச்சு வந்துட்டோம். பேரு சரியா தெரியல, மொத எழுத்து த போட்டிருந்துச்சு."

த என்று சொன்னதுதான் தாமதம், பஞ்சாயத்துத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "இந்தக் காத்துல மோட்டார் நின்னா வடக்கதாண்டா தள்ளும், நம்ம புத்தி எங்கடா போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். தெற்கே பார்த்து நின்ற படகெல்லாம் வடக்கே திரும்பின. கடலோரக் காவல்படைக்கும் மீன்துறைக்கும் சொன்னோம், இடத்தையும் நேரத்தையும், சொன்ன ஆளின் நம்பரையும். பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வயர்லெஸ் பெட்டியில் தண்ணீர் இறங்கி அதுவும் செத்திருக்கிறது, கைலியைக் கழியில் கட்டி நாள் முழுக்க ஆட்டியிருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் மத்தியானமே தீர்ந்துவிட்டது. வெயிலில் உதடு வெடித்து, தோல் உரிந்து கரையில் இறங்கிய உன் அப்பா ஊரே திரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "என்ன கூட்டம், ஏலம் இன்னும் முடியலையா?" எல்லையம்மாள் வீரையனைப் பளாரென்று ஓர் அறை விட்டுவிட்டு அப்புறம் கட்டிக்கொண்டாள். மறுநாள் காற்று ஏறிவிட்டது, எந்தப் படகும் இறங்க முடியவில்லை. அன்றைக்கு எல்லோரும் தெற்கே போயிருந்தால் என்பதற்கு மேல் நான் நினைப்பதில்லை, நீயும் நினைக்காதே.

மாரியாத்தாள் எனக்கு வாக்குச் சொல்லவில்லை என்பதை நீயாவது தெரிந்துகொள். அவள் துணை இல்லாமல் இல்லை, ஆனால் என் வாயில் வந்தது வாக்கு இல்லை, கேள்வி. சனிக்கிழமை மேடம் என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி இதையெல்லாம் சொல்லச் சொன்னார். உருகி உருகிச் சொன்னேன். முடித்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ரிஃப்கா கையைத் தூக்கி, "நீங்க சொல்றது நெஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாளே பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றது, மேடத்துக்கோ முகமெல்லாம் பூரிப்பு. அப்புறம் நானும் சிரித்துவிட்டு, எல்லையம்மாளைக் கேள், ஜாஃபர் சாதிக் பாயைக் கேள், என்னோடு சேர்த்து மூன்று பேரும் ஒன்றுபோல் சொன்னால் நம்பு என்றேன். அந்தக் குட்டி அதையும் எழுதிக்கொண்டாள். என்ன பிள்ளைகள் தர்ஷினி இவர்கள், இவர்கள் வளர்ந்து இந்தக் கரையில் நிற்கும்போது யார் எதை அனுப்பினாலும் ஊர் ஒரேயடியாக ஓலமிடாது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வியாழக்கிழமை வகுப்புக்கு இப்போது ஆண்களும் வருகிறார்கள், கதவுப் பக்கமாக உட்கார்ந்து சுண்டலுக்கு வந்ததுபோல் பாவனை செய்கிறார்கள். ராஜ்குமார் முதல் வரிசை. உன் அப்பா இன்னும் வரவில்லை, வீட்டில் ஒரு நோண்டி போதும் என்கிறார். ஆனால் கடலுக்குப் போகும்போது நான் கேட்காமலேயே, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "கெழக்க, எட்டு பாகம் ஆழத்துல, நாளைக்கி வெயிலுக்கு முன்ன வந்துருவேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார்.

அந்தப் படத்தை உனக்கு யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும், அவளைத் திட்டாதே, இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்புக்கு ஒத்தடம் கொடு, அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் வைத்தியத்தையெல்லாம் நம்பி எதையாவது தடவிக்கொள்ளாதே, நீயே நர்ஸ். அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, கடலும் குலசாமியும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இன்னும் ஒன்று மகளே. சென்னை விமான நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்ட அன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, என் நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. கேட்டால் உனக்கு ஆகாதே என்று விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை போனில் பேசியிருப்போம், சாப்பிட்டியா, குளிருதா என்றுதான் கேட்டிருக்கிறேன், அந்த ஒன்றைக் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன், தெரியாது என்றாலும் தெரியாது என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். எப்போது வருவாய் தர்ஷினி?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
அ. மீனா